அரியலூர் வழித்தடத்துக்கு எந்த எஞ்சின், எந்தப் பெட்டி?

மாதிரி ரயில்பாதை என்பது உண்மையான ஒரு ரயில்பாதையையும் அதன் வண்டிகளையும் ஒரே விகிதத்தில் சுருக்கி, மேசையின்மீதோ சுவரோரப் பலகையின்மீதோ ஓடும்படி அமைக்கும் கலையாகும். இதில் புதிதாக ஈடுபடுவோர் பலர் கண்ணுக்குப் பிடித்த எஞ்சினை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு அதற்கேற்ற பெட்டிகளைத் தேடுகிறார்கள். பெட்டிகள் சேர்ந்தபின் அவை வளைவில் தடம் புரள்வதைக் கண்டு பாதையைப் பிரித்துப் போடுகிறார்கள். எந்த வழித்தடம், எந்த ஆண்டு என்னும் இரண்டு வினாக்களுக்கு முதலில் விடை கண்டுவிட்டால், எஞ்சினும் பெட்டியும் வளைவின் ஆரமும் பெரும்பாலும் தாமே முடிவாகிவிடும். இதைப் பொதுவாகச் சொல்வதைவிட ஒரு குறிப்பிட்ட வழித்தடத்தைக் கொண்டு விளக்குவதே பயன் தரும். அதற்குத் திருமழபாடியைச் சுற்றியுள்ள நிலப்பரப்பு மிகவும் பொருத்தமானது.

கொள்ளிடம் வடக்கு நோக்கித் திரும்பும் இடத்தில், ஆற்றின் வடகரையில் அமைந்த திருமழபாடிக்கு ரயில் கிடையாது. ஊருக்குத் தெற்கே, காவிரிக்கும் அப்பால், திருச்சியிலிருந்து பூதலூர் வழியாகத் தஞ்சாவூர் செல்லும் பாதை ஓடுகிறது. வடமேற்கே, விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர், சில்லக்குடி, கல்லகம், கல்லக்குடி பழங்காநத்தம், புள்ளம்பாடி, லால்குடி வழியாகத் திருச்சி செல்லும் பாதை ஓடுகிறது. கார்டு லைன் என்று ரயில்வேத் தொழிலாளர்களும் பயணிகளும் ஒருசேர அழைக்கும் இந்தப் பின்னைய பாதையைத் தென்னிந்திய ரயில்வே 1920-களின் பிற்பகுதியில் மீட்டர் பாதையாக, அதாவது இரு தண்டவாளங்களுக்கு இடையே 1,000 மி.மீ. இடைவெளி கொண்டதாக, அமைத்தது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அப்படியே இருந்த பாதை 2000-ஐ ஒட்டி 1,676 மி.மீ. அகலப்பாதையாக மாறியது, 2010-ஐ ஒட்டி மின்மயமாகி, பின்னர் இரட்டைப் பாதையும் ஆயிற்று. ஒரே மண்ணில் இத்தனை மாற்றங்கள் நிகழ்ந்திருப்பதால், ஆண்டைக் குறிக்காமல் 'அரியலூர் நிலையத்தின் மாதிரி' என்று சொல்வதில் பொருளில்லை.

உலகில் மிகப் பரவலாக வழங்கும் மாதிரி அளவு எச்.ஓ. எனப்படுவது, அதில் ஒவ்வொன்றும் உண்மையில் 87-இல் ஒரு பங்காகச் சுருங்கும். அதற்குரிய தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மி.மீ.; ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வழங்கும் 1,435 மி.மீ. பாதையை 87-ஆல் வகுத்தால் கிடைப்பது இதுவே. இந்திய அகலப்பாதையை அவ்வாறு வகுத்தால் 19.26 மி.மீ. வரவேண்டும். கடையில் கிடைக்கும் தண்டவாளத்தை அப்படியே பயன்படுத்தினால் இந்திய எஞ்சின் தன் உரிய பாதையைவிட ஏறத்தாழ 2.8 மி.மீ. குறுகலான பாதையில் நிற்கும். பக்கவாட்டில் பார்க்கும்போது இது தெரிவதில்லை என்றாலும், நேர் எதிரில் பார்க்கும்போது அகன்ற உடலும் ஒடுங்கிய சக்கரங்களுமாக வண்டியின் தோற்றமே மாறிவிடும். மீட்டர் பாதையை 87-ஆல் வகுத்தாலோ 11.5 மி.மீ. வருகிறது, 12 மி.மீ. இடைவெளியுள்ள எச்.ஓ.எம். தண்டவாளங்கள் சுவிட்சர்லாந்தின் ரேட்டியன் ரயில்வே போன்ற மீட்டர் பாதைகளின் மாதிரிகளுக்காக ஐரோப்பாவில் தயாராகி விற்பனையாகின்றன. பிழை அரை மில்லிமீட்டர் மட்டுமே. ஆகவே இந்திய ரயிலைத் துல்லியமாகச் சுருக்க விரும்புபவருக்கு இன்றைய அகலப்பாதையைவிட மறைந்துபோன மீட்டர் பாதையே எளிதாகக் கைகூடுகிறது. இந்தக் கலையில் ஈடுபடும் தமிழர்கள் இதை இன்னும் போதிய அளவு உணர்ந்து பயன்படுத்திக்கொள்ளவில்லை என்றே தோன்றுகிறது.

மீட்டர் பாதைக் காலத்தைத் தேர்ந்தவருக்கு முதலில் தேவைப்படுவது ஒய்.பி. வகை நீராவி எஞ்சின். இந்திய ரயில்வே நீராவி எஞ்சின்களுக்குப் பெயரிடும் முறையில் முதலெழுத்து பாதையின் அகலத்தையும் அடுத்த எழுத்து வண்டியின் பணியையும் குறிக்கின்றன. ஒய் என்பது மீட்டர் பாதை, பி என்பது பயணிகள் வண்டி. 1949 முதல் அமெரிக்காவின் பால்ட்வின், கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ், மியூனிக்கின் கிராஸ்-மாஃபை, ஜாம்ஷெட்பூரின் டெல்கோ ஆகிய ஆலைகள் மொத்தம் 871 ஒய்.பி. எஞ்சின்களைக் கட்டின. முன்புறம் நான்கு சிறிய சக்கரங்களும், நடுவில் இழுவிசை தரும் ஆறு பெரிய சக்கரங்களும், ஓட்டுநர் அறைக்குக் கீழே இரண்டு சிறிய சக்கரங்களும் கொண்ட அமைப்பு இது. சரக்கு வண்டிக்கான ஒய்.ஜி. எஞ்சினுக்கு முன்னே இரண்டு, நடுவில் எட்டு, பின்னே இரண்டு எனச் சக்கரங்கள் அமையும். ஒய்.பி.-யின் இழுசக்கரத்தின் விட்டம் 1,372 மி.மீ., ஒய்.ஜி.-யினது 1,219 மி.மீ.; விரைந்து ஓடவேண்டிய எஞ்சினுக்குப் பெரிய சக்கரமும், மெதுவாகப் பெருஞ்சுமை இழுக்கவேண்டிய எஞ்சினுக்குச் சிறிய சக்கரமும் பொருந்தும் என்ற இயற்பியல் இந்த வேறுபாட்டில் உள்ளது. மாதிரியில் இது 15.8 மி.மீ.-க்கும் 14 மி.மீ.-க்கும் உள்ள வேறுபாடாகச் சுருங்கினாலும், வேறொரு எஞ்சினின் சக்கரச் சட்டத்தை எடுத்து அதன்மேல் உடலைக் கட்டுபவர் முதலில் அளந்து பார்க்கவேண்டியது இந்த விட்டத்தைத்தான். சக்கரம் சிறுத்தால் மேலுள்ள கொதிகலன் தாழ்ந்து, எஞ்சினின் முகமே மாறிவிடும்.

குண்டு முனை போன்ற மூக்கும் அதன் நடுவில் விளக்கும் உடைய டபிள்யூ.பி. எஞ்சின் இந்திய நீராவிக் காலத்தின் அடையாளமாகப் பலர் மனத்தில் பதிந்திருப்பதால், அதை அரியலூர் மாதிரியிலும் ஓடவிட ஆசை எழுவது இயல்பு. ஆனால் அது அகலப்பாதை எஞ்சின். கார்டு லைன் அகலப்பாதையாக மாறுவதற்கு முன்பே இந்திய அகலப்பாதையில் நீராவியின் காலம் முடிந்துவிட்டதால், அரியலூர் நடைமேடைக்கு அது வர வழியே இருந்ததில்லை. ஒய்.ஏ.எம்.-1 என்னும் மீட்டர் பாதை மின்சார எஞ்சினும் இதுபோன்றதே. 1960-களில் ஜப்பானிலிருந்து வந்த அந்த எஞ்சின்கள் எழும்பூரிலிருந்து விழுப்புரம் வரை வண்டிகளை இழுத்தன. மின்கம்பி அங்கேயே முடிந்ததால், விழுப்புரத்தில் எஞ்சின் மாற்றிக்கொண்டுதான் வண்டிகள் அரியலூர் நோக்கிப் புறப்பட்டன. விழுப்புரம் நிலையத்தை மாதிரியாக்குபவருக்கு இந்த எஞ்சின் மாற்றம் பெரும் வாய்ப்பு. அரியலூரை மாதிரியாக்குபவருக்கு அந்த எஞ்சின் ஆகாது.

நீராவிக்குப் பின் வந்தது ஒய்.டி.எம்.-4 டீசல் எஞ்சின். அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனம் வடிவமைத்து, பின்னர் வாரணாசியில் பெருமளவில் கட்டப்பட்ட இதன் எடை 72 டன், திறன் ஏறத்தாழ 1,400 குதிரைத்திறன். பொன்மலை டீசல் பணிமனையின் இந்த எஞ்சின்கள்தான் கார்டு லைனின் மீட்டர் பாதைக் காலத்து இறுதி ஆண்டுகளைத் தாங்கின. 1977 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய வைகை விரைவு வண்டியின் புகழும் இந்தப் பாதையோடு சேர்ந்ததே. இந்த எஞ்சினின் உறவினங்கள் வேறு நாடுகளிலும் ஓடின. அலாஸ்காவையும் கனடாவையும் இணைக்கும் ஒயிட் பாஸ் குறுகியபாதையின் டீசல் எஞ்சின்கள் இதே ஆல்கோ வடிவக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அயல்நாட்டு மாதிரி ஒன்றை அடிப்படையாகக் கொண்டு இந்திய எஞ்சினைக் கட்ட முனைபவர் இத்தகைய குடும்ப உறவுகளைத் தேடிப் பார்ப்பது நன்று. உடலை மாற்றலாம், சக்கரங்களின் இடைவெளியை மாற்றுவது கடினம்.

நீராவியா டீசலா என்பது தோற்றத்தோடு மட்டும் முடிவதில்லை; எத்தனை பெட்டிகளை இழுக்கமுடியும் என்பதையும் அது தீர்மானிக்கிறது. எஞ்சினின் இழுவிசை, இயங்கும் சக்கரங்களின்மீது விழும் எடையையும், சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையிலுள்ள உராய்வின் கெழுவையும் பெருக்கினால் வருவது. 300 கிராம் எடையுள்ள இரண்டு மாதிரி எஞ்சின்களை எடுத்துக்கொண்டு, உராய்வுக் கெழுவை 0.2 என வைத்துக்கொள்ளலாம். ஒய்.டி.எம்.-4 மாதிரியில் பன்னிரண்டு சக்கரங்களும் இயங்குமாறு அமைத்தால் 60 கிராம் இழுவிசை கிடைக்கும்; ஒய்.பி. மாதிரியில் எடையின் மூன்றில் இரு பங்கு மட்டுமே இழுசக்கரங்களின்மீது விழுவதாகக் கொண்டால் 40 கிராம்தான் கிடைக்கும். ஒவ்வொரு பெட்டியும் 150 கிராம் எடை, உருள்தடை அதில் நூற்றுக்கு இரண்டு எனில், சமதளத்தில் இரண்டு எஞ்சின்களுமே பத்துப் பெட்டிகளை இழுத்துவிடும். பாதை ஐம்பதுக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஏறத் தொடங்கியதும் நிலைமை மாறுகிறது: டீசல் ஒன்பது பெட்டிகளோடும், நீராவி ஐந்து பெட்டிகளோடும் நின்றுவிடும். காவிரி, கொள்ளிடப் படுகையின் சமவெளியை மாதிரியாக்குபவர் ஏற்றமே இல்லாமல் பாதை அமைக்கலாம் என்பதால், நீராவி எஞ்சினுக்கு நீண்ட தொடரைக் கொடுக்கும் வாய்ப்பு மலைப்பாதையைக் கட்டுபவரைவிட இவருக்கே மிகுதி.

பெட்டிக்கு 150 கிராம் என்ற எண் ஊகமாக எழுந்ததன்று. அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில்பாதைச் சங்கம் எச்.ஓ. வண்டிகளுக்குப் பரிந்துரைக்கும் எடை, ஓர் அவுன்சோடு நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ் சேர்த்தது. மீட்டர் பாதைப் பெட்டியின் உடல் ஏறத்தாழ 19.5 மீட்டர், மாதிரியில் 224 மி.மீ., அதாவது 8.8 அங்குலம், பரிந்துரைப்படி ஏறத்தாழ 153 கிராம் இருக்கவேண்டும். உண்மைப் பெட்டியின் எடையை 30 டன் எனக் கொண்டு அதைச் சரியாகச் சுருக்கினாலோ 46 கிராம்தான் வருகிறது, ஏனெனில் நீளம் 87-இல் ஒரு பங்கானால் எடை 87-இன் கனத்தில், அதாவது ஏறத்தாழ 6,58,500-இல் ஒரு பங்காகும். மாதிரிப் பெட்டி மும்மடங்கு கனமாக இருக்கவேண்டியிருப்பதற்குக் காரணம், தண்டவாள இணைப்புகளின் மேடுபள்ளமும் பலகையின் நெளிவும் அதே விகிதத்தில் சுருங்குவதில்லை என்பதே. 46 கிராம் பெட்டி ஒரு சிறு தூசியில் தாவிவிடும். வாங்கிய பெட்டியைச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்து, குறைந்த எடைக்கு ஈயத் தகட்டைத் தரைக்கு அடியில், இரு சக்கரச் சட்டங்களுக்கும் சமமாக, ஒட்டுவது எந்த அலங்காரத்தையும்விட முதலில் செய்யவேண்டிய பணி.

பெட்டிகளின் வகையிலும் ஆண்டே தலைமை தாங்குகிறது. 1956 நவம்பர் 23 அதிகாலையில், அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சிதைய, தூத்துக்குடி விரைவு வண்டி ஆற்றில் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அப்போது ரயில்வே அமைச்சராயிருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அந்தக் காலத்து மீட்டர் பாதையில் மரச்சட்ட உடல் கொண்ட பழைய பெட்டிகளே பரவலாக இருந்தன. உடலும் அடிச்சட்டமும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு, மோதலில் நொறுங்காமல் தாங்கும் முழு எஃகுப் பெட்டிகளின் உற்பத்தி, சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு பெரம்பூரில் 1955 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட ஐ.சி.எஃப். எனும் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் அப்போதுதான் பிறந்திருந்தது. ஆகவே 1950-களை மாதிரியாக்குபவர் ஐ.சி.எஃப். பெட்டியை மீட்டர் பாதையில் வைத்தல் தகாது. 1970-களை மாதிரியாக்குபவர் அவற்றை மரூன் நிறத்தில் வைப்பதே தகும். மீட்டர் பாதைப் பெட்டிகளின் முனையில் இரு பக்கத் தாங்கிகள் கிடையாது. நடுவில் ஒரே தாங்கியும் அதோடு இணைந்த கொக்கியும் மட்டுமே உண்டு. ஐரோப்பாவின் 1,435 மி.மீ. பாதைப் பெட்டி ஒன்றைச் சாயம் பூசி மரூனாக்கிவிட்டால் இந்த இடத்தில்தான் அது பிடிபடும்.

அகலப்பாதையில் ஐ.சி.எஃப். பெட்டியின் உடல் 21.34 மீட்டர், ஜெர்மானிய லிங்கே-ஹாஃப்மன்-புஷ் வடிவத்தில் பிறந்த எல்.எச்.பி. பெட்டியின் உடல் 23.54 மீட்டர். மாதிரியில் இவை முறையே 245 மி.மீ., 271 மி.மீ. இந்த 26 மி.மீ. வேறுபாடு அற்பமாகத் தோன்றினும் வளைவில் பெரிதாகிறது. பெட்டி வளைவில் செல்லும்போது அதன் நடுப்பகுதி உள்நோக்கியும் முனைகள் வெளிநோக்கியும் பாதையின் நடுக்கோட்டிலிருந்து விலகும். நடுவின் விலகல், இரு சக்கரச் சட்டங்களின் மையங்களுக்கு இடையிலுள்ள தொலைவின் வர்க்கத்தை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் கிடைப்பது. முனையின் விலகல், பெட்டி நீளத்தின் வர்க்கத்திலிருந்து அந்த மையத் தொலைவின் வர்க்கத்தைக் கழித்து அதே எண்ணால் வகுத்தால் கிடைப்பது. இரு வகைப் பெட்டிகளிலும் மையத் தொலைவு ஏறக்குறைய ஒன்றே: ஐ.சி.எஃப்.-இல் 14.78 மீட்டர், எல்.எச்.பி.-யில் 14.9 மீட்டர். எனவே 450 மி.மீ. ஆரமுள்ள வளைவில் இரண்டின் நடுப்பகுதியும் 8 மி.மீ. அளவே உள்ளே சாயும். முனையோ ஐ.சி.எஃப்.-இல் 8.6 மி.மீ., எல்.எச்.பி.-யில் 12 மி.மீ. வெளியே தள்ளும். உண்மை ரயில்வேயில் பாதையின் நடுவிலிருந்து நடைமேடை விளிம்பு ஏறத்தாழ 1.68 மீட்டர் தொலைவில் உள்ளது; மாதிரியில் 19.3 மி.மீ. பெட்டியின் பாதி அகலம் 18.6 மி.மீ. நேர்பாதையிலேயே இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு என்னும்போது, வளைவில் நடைமேடை அமைத்தவர் எல்.எச்.பி. பெட்டியால் அதன் விளிம்பை உடைத்துவிடுவார். 

நீண்ட பெட்டியின் நீளத்தைப் போல் மும்மடங்கு ஆரம் இருந்தால் வண்டி நன்றாகவும் நம்பத்தக்கதாகவும் ஓடும் என்பது இத்துறையில் வழங்கும் ஒரு கைவிதி. எல்.எச்.பி.-க்கு இது 81 செ.மீ., மீட்டர் பாதைப் பெட்டிக்கு 67 செ.மீ. உண்மை ரயில்வே இவற்றைவிடத் தாராளமானது. அகலப்பாதையில் அனுமதிக்கப்படும் மிகக் கூர்மையான வளைவின் ஆரம் 175 மீட்டர், மீட்டர் பாதையில் 109 மீட்டர். எச்.ஓ.-வில் அவை 2 மீட்டரும் 1.25 மீட்டரும் ஆகும். வீட்டின் ஓர் அறையில் பாதை அமைப்பவருக்கு இந்த வேறுபாடே மீட்டர் பாதைக்குச் சார்பான வலுவான வாதம்.

அகலப்பாதைக் காலத்திலும் எஞ்சினும் பெட்டியும் ஒன்றையொன்று கட்டுப்படுத்துகின்றன. பாதை மாற்றத்துக்கும் மின்மயத்துக்கும் இடைப்பட்ட ஏறத்தாழப் பத்து ஆண்டுகளில் ஆல்கோ வழிவந்த டபிள்யூ.டி.எம். டீசல்களின் பின்னே நீல நிற ஐ.சி.எஃப். பெட்டிகள் சென்றன; பின்னர் டபிள்யூ.ஏ.பி.-4 மின் எஞ்சின்கள் வந்தன. ஐ.சி.எஃப். தன் பழைய வடிவத்தின் கடைசிப் பெட்டியை 2018 ஜனவரியில் வெளியிட்டது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளை மாதிரியாக்குபவர் எல்.எச்.பி.-யையும் டபிள்யூ.ஏ.பி.-7-ஐயும் சேர்த்தே நினைக்கவேண்டும். பழைய பெட்டிகள் தம் விளக்குக்கும் விசிறிக்கும் வேண்டிய மின்சாரத்தைச் சக்கர அச்சிலிருந்தே எடுத்துக்கொண்டன, எல்.எச்.பி. தொடருக்கு முனையில் மின்னாக்கிப் பெட்டி வேண்டும், அல்லது டபிள்யூ.ஏ.பி.-7 போல மேல்கம்பியின் மின்சாரத்தைப் பெட்டிகளுக்கும் பகிரும் எஞ்சின் வேண்டும். 22 பெட்டிகள் கொண்ட எல்.எச்.பி. தொடர் மாதிரியில் 6 மீட்டரைத் தாண்டும். இடமில்லாதவருக்கு 2023 செப்டம்பர் 24 அன்று 8 பெட்டிகளோடு தொடங்கிய சென்னை–திருநெல்வேலி வந்தே பாரத் ஒரு நல்ல விடை: தனி எஞ்சின் இல்லை, தொடங்கியபோதிருந்த முழுத் தொடரும் இரண்டேகால் மீட்டருக்குள் அடங்கும், பெட்டிகளைக் குறைத்துக் காட்டும் பொய்யும் தேவைப்படாது.

இந்தக் கணக்குகளின் பயன் முழுமையாக வெளிப்படுவது, இல்லாத ஒரு பாதையைக் கற்பனை செய்யும்போதுதான். லால்குடியில் கார்டு லைனிலிருந்து பிரிந்து, கொள்ளிடத்தின் வடகரையை ஒட்டிக் கிழக்கே வந்து, திருமழபாடியில் முடியும் ஒரு மீட்டர் பாதைக் கிளையைத் தென்னிந்திய ரயில்வே அமைத்திருந்தால் எந்த வண்டி அங்கு வந்திருக்கும்? மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு அப்படியொரு கிளை இருந்து, 1980-களில் மூடப்பட்டது என்பதால் இந்தக் கற்பனை வரம்பு கடந்ததன்று. கிளைப்பாதைகளின் தண்டவாளம் மெல்லியது. ஓர் அச்சின்மீது 10 டன்னுக்கு மேல் சுமத்தும் ஒய்.பி. எஞ்சின் அங்கே பொருந்தாது. அச்சுக்கு ஏறத்தாழ 8 டன் மட்டுமே சுமத்துமாறு கிளைப்பாதைகளுக்கென்றே உருவான ஒய்.எல். எஞ்சின், முன்னே இரண்டு, நடுவில் ஆறு, பின்னே இரண்டு எனச் சக்கரங்களோடு, அந்த இடத்துக்கு உரியது. அதன் பின்னே இரண்டு மூன்றாம் வகுப்புப் பெட்டிகளும், பாதி பயணிகளுக்கும் பாதி சரக்குக்கும் காவலருக்குமான ஒரு பெட்டியும் போதும். 1950-களாகக் கொண்டால் அவை மரவுடல் பெட்டிகளாக இருக்கவேண்டும். எஞ்சினோடு சேர்த்து முழு வண்டியும் ஏறத்தாழ 90 செ.மீ. இறுதி நிலையத்தில் எஞ்சினைக் கழற்றி மறுமுனைக்குக் கொண்டுவரப் பக்கப்பாதை ஒன்று வேண்டும். அதையும் சேர்த்து இரண்டரை மீட்டர் நீளப் பலகையில், ஒரு வளைவும் இல்லாமல், ஊர் முழுதும் அடங்கிவிடும். சுழல்மேடை இல்லாத இறுதி நிலையத்திலிருந்து எஞ்சின் நிலக்கரிப் பெட்டியை முன்னே கொண்டு பின்னோக்கியே திரும்பிச் செல்லும். இதையும் மாதிரியில் காட்டவேண்டும்.

பங்குனியில் திருமழபாடிக் கோயிலில் நடக்கும் நந்தியார் திருமணத்துக்குத் திரளும் கூட்டத்தை நினைத்தால், அந்த ஒரு நாளைக்கு மட்டும் தொடர் நீண்டிருக்கும். தென்னிந்திய ரயில்வே கோயில் விழாக்களுக்குத் தனி வண்டிகள் விட்டது அறிந்த செய்தியே. ஒய்.பி.-யைக் கொண்டுவர முடியாத பாதையில் ஆறு பெட்டிகளை இழுக்க இரண்டு ஒய்.எல். எஞ்சின்களை முன்னும் பின்னுமாகப் பூட்டுவது ஒரு தீர்வு. மூன்று பெட்டிகளுக்கென்று கட்டிய நடைமேடைக்கு வெளியே பின்பெட்டிகள் நிற்கும், பயணிகள் சரளைக் கற்களில் இறங்குவார்கள். அந்த இரண்டாவது எஞ்சினுக்கு நீர்த்தொட்டியும் சாம்பல் குழியும் வேண்டும் என்பதால், நிலையத்தின் அமைப்பே அதற்கேற்ப மாறும். கூடுதல் பெட்டிகளை லால்குடியிலிருந்து அன்று காலை கொண்டுவந்து மாலையில் திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்பதால், அவற்றின் வண்ணமும் வயதும் அன்றாடத் தொடரோடு பொருந்தாமல் இருப்பதே சரி. பெட்டிகளை வாங்கும்போது ஒரே வகையில் ஆறு வாங்காமல், மூன்றை ஒரு வகையிலும் மூன்றை அதற்கு முந்தைய வகையிலும் வாங்கவேண்டும்.